நான்காம் ஜன்னல் - அத்தியாயம் 11: டப்பாவில் நூற்றறுபது சீட்டு

சென்ற வாரம் டுடுசிலேவை மருந்தகத்தின் பின்வாசலில், மாவட்ட அலுவலகத்துக் கடிதமும் கையுமாக நிற்க விட்டுவிட்டு வந்தோம். அவள் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள். அழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்து டிஷ்யூ பெட்டியோடு வந்த தலைமை மருந்தாளர் ஷாங்கேதான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஆயுள் முழுக்க மாத்திரை தின்பவர்களுக்கு மபாலேனி அரசு மருத்துவமனை தானே பை கட்டி நான்காம் ஜன்னலில் கொடுக்கிறது. அதற்குப் பை ஒன்றுக்கு எண்பத்து நான்கு ராண்ட் செலவாகிறது. வெளிக் கம்பெனி கட்டிக்கொண்டு வந்து டவுனில் கொடுத்தால் ஐம்பத்தெட்டு. மாத்திரை விலை இரண்டு பக்கமும் ஒன்றுதான், கட்டிக் கொடுக்கிற செலவில்தான் வித்தியாசம். ஆகவே ஜன்னலை மூடலாம் என்பது யோசனை. புதன்கிழமை பத்து மணிக்குக் கூட்டம்.

அந்தக் கம்பெனிக்கு மபாலேனியில் மேலாளர் யார் என்று உங்களுக்குத் தெரியும். டுடுவின் கூடப்பிறந்த தம்பி சிபோனேலோ. பத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் நாற்காலியை இழுக்கத் தம்பியே வருகிறான். ஊர் சும்மா இருக்குமா? டாக்ஸி நிலையத்தில் ஒரு வாரமாக இதே பேச்சு.

புதன்கிழமை விடிந்தது.

ஆறே முக்காலுக்கே டுடுவும் அவளுடைய உதவியாள் பிண்டிலேயும் பை கட்டும் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிண்டிலே பொரித்த மாவு உருண்டைகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"மொதல்ல தின்னுக்கா. பசியோட எண்ணினா நூறு எண்பதாத் தெரியும்."

"தின்னுட்டு எண்ணினா எண்ணெய்க் கையில சீட்டெல்லாம் ஒட்டிக்கும். எண்ணுடி."

எண்ணிக்கொண்டிருந்தது கம்பெனிப் பைகளில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளை. கம்பெனி பை கட்டி, டவுனில் வைத்துவிட்டு, நோயாளியின் போனுக்குச் செய்தி அனுப்பும். இரண்டு வாரத்துக்குள் எடுக்காவிட்டால் வியாழக்கிழமை வண்டியில் பை மருத்துவமனைக்குத் திரும்பி வரும். திரும்பிய பையைப் பிரித்து மாத்திரையை அலமாரியில் வைத்துவிட வேண்டும், நோயாளி வந்தால் டாக்டரிடம் புது மருந்துச்சீட்டு வாங்கிவரச் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

டுடு அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மதித்ததில்லை. டாக்டரைப் பார்க்க விடிகாலை நாலு மணி வரிசையில் நிற்க வேண்டும். முட்டி வீங்கிய மனுஷியைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? நான்காம் ஜன்னலுக்கு யார் வந்து விழித்தாலும் திரும்பி வந்த பையைத் தேடி எடுப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள், பையைக் கொடுப்பாள். பையிலிருந்த சீட்டை உரித்துப் பள்ளிக்கூட நோட்டில் ஒட்டித் தேதி போட்டுவைப்பாள். மருத்துவமனைப் பதிவேட்டில் எழுத முடியாது. அதில் அவர்கள் கம்பெனி ஆட்கள்.

நோட்டு அஞ்சு சேர்ந்துவிட்டது. ஒரு மாதம் வரை யாரும் கேட்டு வராத பைகளின் சீட்டு மட்டும் பிஸ்கட் டப்பாவில் போய் விழும். அது பிண்டிலேயின் பொறுப்பு.

"நோட்டுல ஆயிரத்து நூறு," என்றாள் பிண்டிலே.

"ரெண்டு தடவை எண்ணினியா?"

"மூணு தடவை. டப்பாவை நீ எண்ணு."

டுடு டப்பாவைக் கவிழ்த்தாள். பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டே வந்தவள், ஒன்பதாவது அடுக்கில் நிறுத்தினாள். ஒரு சீட்டைத் தனியாக எடுத்தாள். பன்னிரண்டாவது அடுக்கில் இன்னொன்று. கடைசியில் இன்னொன்று.

எ. ம. சுங்கு.

சுங்கு என்ற குடும்பப் பெயர் அந்த மலைச்சரிவில் வீட்டுக்கு வீடு உண்டு. பிண்டிலேயைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பெயருக்குக் கீழே பிறந்த தேதி இருந்ததே! அந்தத் தேதிக்கு வருஷா வருஷம் கேக் வெட்டுகிறவள் டுடு.

ஆறு மாசம். இரண்டு மாசத்துக்கு ஒன்றாக மூன்று பை. அப்பா ஒரு மாத்திரைகூட எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையேறிப் போய், "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்ல மாட்டார். ஜன்னல் விளிம்பிலிருக்கும் பாட்டிலை எடுத்துக் கலகலவென்று ஆட்டிக் காட்டுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாகக் கீழே இறங்கிவருவாள். ஆறு மாதமாக அதே பாட்டில், அதே பத்துப் பதினைந்து மாத்திரை! மருந்தகத்தில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவளை ஒரு கிழவர் கிலுகிலுப்பை ஆட்டி ஏமாற்றியிருக்கிறார்.

"எத்தனைக்கா?" என்றாள் பிண்டிலே.

"நூத்தறுபது," என்றாள் டுடு. மூன்று சீட்டையும் சட்டைப்பையில் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு வெள்ளை வேன் வந்து வாகன நிறுத்தத்தில் நின்றது. சிபோனேலோ இறங்கினான். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. இப்போது பொத்தான் போட முடியவில்லை.

"என்னக்கா, சண்டைக்குத் தயாரா?"

"சண்டை கெடக்கட்டும். அப்பா மாத்திரை வாங்குறாரா?"

"இதென்ன கேள்வி? போன்ல மெசேஜ் வந்ததுமே நான்தான் படிச்சுச் சொல்றேன். 'டவுனுக்குப் போறப்ப எடுத்துக்கறேன்டா'ங்கறாரு. தினம் காலைல பாட்டில் சத்தம் கேக்குதே."

டுடு பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இருப்பவனுக்கும் அதே கிலுகிலுப்பைதான்.

"நேலோ, ஒண்ணு கேக்கறேன். பை குடுக்கற எடமா அந்த ஈமச்சடங்குக் கடையத்தானாடா பிடிக்கணும்? ஊர்ல வேற எடமே இல்லையா?"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா! யோசிச்சுப் பாருக்கா. மாசம் பொறந்தா ஊரே அங்கதான் போகுது. சாவுக் காப்பீட்டுப் பணம் கட்டாத வீடு எது? எப்படியும் போற எடம். பணத்தைக் கட்டிட்டுப் பக்கத்து மேசைல பையை எடுத்துட்டு வர வேண்டியதுதானே? கடைக்காரன் வாடகைகூட வேணாம்னுட்டான்."

"வேணாம்னுதான் சொல்வான். சாவுக்குக் கட்டற பணத்தை அங்க போய்க் கட்டுவாங்கடா. உயிருக்குத் தின்னுற மாத்திரைய அங்கேருந்து வீட்டுக்குக் கொண்டுவருவாங்களா? பொணம் கெடக்கற எடத்துக்குப் போய்ட்டு வந்தா வாசல்லயே கை கழுவிட்டுத்தானே உள்ள வருவ? அந்தக் கையிலயே மாத்திரைப் பைய வச்சுக்கிட்டு எப்படிக் கழுவுவ?"

"அதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு."

"நீ கழுவாம வருவியா?"

சிபோனேலோவும் கழுவுகிறவன்தான்.

"சரி, நானும் ஒண்ணு கேக்கறேன்," என்றான். "உன் ஜன்னலுக்கு வர டாக்ஸிக்குப் போக வர முப்பத்தாறு ராண்ட். அதுக்கப்புறம் அரை நாள் வரிசை. ஹ்லபானே கிராமத்துல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடைல பை வைக்கறோம். ஒரு பை திரும்பி வந்திருக்கா? சொல்லு. அங்க உள்ளவங்க என்னைக் கையெடுத்துக் கும்பிடறாங்க. எல்லாத்துக்கும் கம்பெனிதான் கெட்டதா?"

அது உண்மை. ஹ்லபானே சீட்டு ஒன்றுகூட டப்பாவில் இல்லை. டுடுவும் அதை மறுக்கவில்லை.

"உன்ன கெட்டவன்னு சொல்லல. கணக்கு கெட்டதுங்கறேன்."

"இந்த ஒப்பந்தம் போச்சுன்னா என் வேலை போயிடும்க்கா. ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"என் ஜன்னல் போச்சுன்னா நாலு பேர் வேலை. அதுல பிண்டிலேக்கு மூணு புள்ளைங்க. புள்ளைங்களை எண்ணியா தீர்ப்புச் சொல்லப் போறாங்க? வா உள்ள."

தேநீர் அறையில்தான் கூட்டம். மாவட்டத்திலிருந்து நிதி அதிகாரி திருமதி குவாலா வந்திருந்தார். பேசும்போது குரலை உயர்த்தாதவர். உயர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு இதுவரை வந்ததில்லை.

வாசலிலேயே ஷாங்கே டுடுவின் காதோடு சொன்னார். "நீ உக்காரலாம். பேசக் கூடாது. தயவுபண்ணி."

வழக்கம்போல் ஜெபத்தோடு கூட்டம் தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடித் தலைகுனிந்தார்கள். ஜெபம் நீளமாகத்தான் இருந்தது. 'ஆமென்' சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மேசை நடுவில் அஞ்சு நோட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவும் இருந்தன. ஷாங்கே மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

திருமதி குவாலா அதைப் பார்க்காதவர்போலத் திரையில் படம் போட்டார். உயரமாக ஒரு சிவப்புக் கட்டம், எண்பத்து நான்கு. குட்டையாக ஒரு பச்சைக் கட்டம், ஐம்பத்தெட்டு.

"கணக்கு தெளிவா இருக்கு. மூவாயிரத்து அறுநூறு பை நீங்க. மூவாயிரத்து அறுநூறு பை அவங்க. அரை வருஷம். ரெண்டும் ஒரே அளவு வேலை."

டுடு எழுந்தாள். ஷாங்கே அவள் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தார். அவள் நுனியை விடுவித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. கம்பெனிக்கு நீங்க காசு குடுக்கறது பை அனுப்பினதுக்கா, இல்ல ஆளு கையில போய்ச் சேர்ந்ததுக்கா?"

"அனுப்பினதுக்கு. ஒப்பந்தம் அப்படி."

"அப்ப அனுப்பின மூவாயிரத்து அறுநூறுல ஆயிரத்து எரநூத்தறுபது பை எடுக்க ஆளில்லாம எங்ககிட்டயே திரும்பி வந்திருக்கு. அதுக்கும் ஐம்பத்தெட்டு ராண்ட் குடுத்திருக்கீங்க. போய்ச் சேர்ந்தது ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பதுதான். மொத்தக் காசை அதால வகுங்க. எண்பத்தொன்பது வரும்."

யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள். திருமதி குவாலாவின் உதவியாளர் போனை எடுத்து வகுத்துப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் காட்டினார். அவர் முகத்தில் மாற்றமில்லை.

"இன்னும் முடியல," என்றாள் டுடு. "திரும்பி வந்ததுல ஆயிரத்து நூறு பைய நான்காம் ஜன்னல்ல நாங்க குடுத்தோம். எங்க சம்பளம், எங்க ரூம், எங்க கரண்டு எல்லாத்தையும் செலவுல சேத்திருக்கீங்க. அந்த ஆயிரத்து நூறு பைய மட்டும் வேலைல சேக்கல. சேத்தா எங்க பை அறுபத்து நாலு ராண்ட். சாப்பாடு போட்டது நாங்க, பேரு விருந்துக்குக் கூப்பிட்டவனுக்கா?"

பிண்டிலே கதவோரத்திலிருந்து, "அப்படிப் போடு!" என்றாள். ஷாங்கே திரும்பிப் பார்த்ததும் இருமினாள்.

"பதிவேட்டில் இல்லாத வேலையை நான் எப்படிச் சேர்ப்பது?" திருமதி குவாலாவின் குரல் இப்போதும் உயரவில்லை. "திரும்பிய பையை அப்படியே கொடுக்க உனக்கு அனுமதி தந்தது யார்?"

டுடு காட்டியது ஆதாரம். அதுவே அவள் கைப்பட எழுதிய குற்றப் பத்திரிகையும்கூட. அஞ்சு நோட்டிலும் தேதி போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

"யாரும் தரல," என்றாள்.

"விதிமீறல்னு தெரியும்தானே?"

"தெரியும். பத்தொன்பது வருஷமா அந்த விதிய நாந்தான் புதுசா வர்றவங்களுக்குச் சொல்லித் தரேன். ஜன்னலுக்கு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பறதுக்கு எனக்குக் கை வரல. என் தப்பு குடுத்ததுல இல்லம்மா. குடுத்துட்டுச் சத்தமில்லாம இருந்தேனே, அதுதான் தப்பு. நான் வாய மூடிட்டுச் செஞ்சதுனாலதான் அவங்க பச்சைக் கட்டம் குட்டையா நிக்குது."

இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் லேசாக உடைந்தது. தான் செய்த புண்ணியமே தன் ஜன்னலுக்குப் பூட்டாக வந்து தொங்குவதை எந்த மனுஷியால் தாங்க முடியும்?

"ஆயிரத்து நூறு போக மிச்சம் நூற்றறுபது இருக்கே, அது?" என்றார் திருமதி குவாலா. கணக்கில் கெட்டிக்காரர்தான்.

சிபோனேலோ எழுந்தான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "அது சகஜம் மேடம். டர்பனுக்குக் குடிபோனவங்க இருப்பாங்க. வேற கிளினிக் போனவங்க இருப்பாங்க. செத்துப் போனவங்ககூட இருக்கலாம். எந்தத் திட்டத்துலயும் அஞ்சு சதவீதம் இப்படிப் போகும். அக்கறை இல்லாத ஆளுங்க. அவங்களை ஒண்ணும் பண்ண முடியாது."

டுடு மேசையைச் சுற்றி நடந்து அவன் பக்கம் வந்தாள். சட்டைப்பையிலிருந்து மூன்று சீட்டை எடுத்து அவன் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"நோயாளி பேரை நான் கூட்டத்துல சொல்லக் கூடாது. அந்த விதிய மீற மாட்டேன். நீயே மனசுக்குள்ள படிச்சுக்க. குடிபோனவரா, அக்கறை இல்லாதவரான்னு அப்புறம் சொல்லு."

அவன் படித்தான். முதல் சீட்டு. இரண்டாவது. மூன்றாவதை எடுக்கவில்லை. நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்காரப் போனான். பிண்டிலேதான் ஓடிவந்து நாற்காலியை நகர்த்தினாள்.

"சிபோனேலோ, தொடருங்க," என்றார் திருமதி குவாலா.

அவன் மூன்று சீட்டையும் பெயர் தெரியாதபடி கவிழ்த்து வைத்தான்.

கூட்டம் பன்னிரண்டே காலுக்கு முடிந்தது. செலவை மறுபடி கணக்கிடலாம் என்றார் திருமதி குவாலா. டுடுவுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த வாக்கியத்திலேயே அந்தப் பாலைப் பறித்துக்கொண்டார். கணக்கு முடியும்வரை நான்காம் ஜன்னல் இயங்காது. இன்று மாலை நான்கு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட வேண்டும். விதிமீறலுக்கு டுடுசிலே ஏழு நாளுக்குள் விளக்கம் எழுத வேண்டும். அதுவரை வேலைக்கு வர வேண்டாம். நோட்டுகள் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும்.

"எண்ணி, கையெழுத்துப் போட்டு ரசீது குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க," என்றாள் டுடு. உதவியாளர் ஏதோ எழுதிக் கிழித்துக் கொடுத்தார். டுடுவின் கண் அதில் இல்லை. வாசலில் தம்பியின் வேன் டயர் கிறீச்சிடக் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷாங்கே பக்கத்தில் வந்து நின்றார். "நீ இப்பவே வீட்டுக்குப் போகலாம், டுடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நாலு மணிவரைக்கும் அது என் ஜன்னல்," என்றாள் அவள்.

மதியம் ஜன்னலில் கூட்டம் நெரிந்தது. ஷட்டர் இறங்கப்போகிற செய்தி டாக்ஸி நிலையத்துக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கரும்புத் தோட்டத்துப் பெண்கள் கத்தியும் தொப்பியுமாகவே வந்து நின்றார்கள். பிண்டிலே வரிசையில் நடந்தபடியே ஒவ்வொருவருக்கும் அழுத்தம் பார்த்தாள். டுடு பையைத் தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு பெண், "கம்பெனிப் பை அந்தக் கடைலயே கெடக்கு. நான் அங்க போக மாட்டேன். என் மாமியார் என்ன வீட்டுக்குள்ளயே விடமாட்டா," என்றாள். "அந்தப் பை நாளைக்குத்தான் இங்க வரும்மா," என்றாள் டுடு. நாளைக்கு யார் இருப்பார்கள் இங்கே?

மூன்று இருபதுக்கு வெள்ளை வேன் பின்பக்கமாக வந்து ஜன்னலுக்குப் பக்கத்துக் கதவோடு ஒட்டி நின்றது. சிபோனேலோ இறங்கினான். கோட்டைக் காணோம். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தான்.

"கதவைத் திறக்கா. முந்நூத்துப் பன்னெண்டு பை. அந்தக் கடைல இருந்தது மொத்தமும் எடுத்துட்டு வந்துட்டேன்."

"உன் கம்பெனில சொன்னியா?"

"சொல்லல." அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், அணைத்தான். மறுபடி அடித்தது. "இது அஞ்சாவது தடவை. நான் வேலைல இருந்தா இது ஒரு நாள் முன்னாடி வந்த வியாழக்கிழமை வண்டி. இல்லாட்டி புதன்கிழமை வண்டி. தள்ளிக்க, பெட்டி கனமா இருக்கு."

டுடு அவனையே பார்த்தாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு வந்து நின்றபோது இருந்த அதே முகம். கதவைத் திறந்தாள்.

மூன்றாவது பெட்டியை இறக்கும்போது அவன் சொன்னான். "வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட கேட்டேன்க்கா. இந்தத் தடவை பாட்டிலை ஆட்டல. 'அந்தக் கதவுக்குள்ள நான் ஒரே ஒரு தடவைதான்டா போயிருக்கேன். உங்கம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வர'ன்னாரு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் உடலை அந்தக் கடையின் பின்னறையிலிருந்துதான் வாங்கிவந்தார்கள். கூடப் போனவர்கள் இவர்கள் இருவரும். இருவருக்குமே இதுவரை அது நினைவுக்கு வரவில்லை.

"உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு என் ஜன்னலுக்கும் வராம, வாய தொறக்காம இருந்திருக்காரு," என்றாள் டுடு. "எங்க அவரு?"

"வேன்லதான் வந்தாரு. முன்னாடி கூட்டிட்டுப் போறேன்னேன். கேக்கல."

டுடு எட்டிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் தடியை ஊன்றி, தொப்பி வைத்து, சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் போட்ட அதே சட்டையோடு எல்ஃபாஸ் சுங்கு நின்றிருந்தார்.

"அப்பா! முன்னாடி வாங்க!"

"முறைப்படி வரேன்," என்றார் அவர்.

பிண்டிலே அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஜன்னலைப் பார்த்து விரலால் காட்டினாள். இருநூற்றுப் பத்து.

"மன்சினி, உக்காருங்க. சக்கர நாற்காலி கொண்டுவரேன். டாக்டர்கிட்ட உடனே போகணும்," என்று குலப்பெயர் சொல்லிக் கெஞ்சினாள்.

"போறேன்மா. எம் பொண்ணு ஜன்னல்ல என் முறை வந்ததும் போறேன். மாத்திரை இல்லாம ஆறு மாசம் நின்ன உடம்பு, பத்து நிமிஷம் நிக்காதா?"

நாற்காலியை அவருக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தாள். அவர் உட்காரவில்லை. முன்னால் நின்ற கரும்புத் தோட்டத்துப் பெண்கள் வழிவிட்டார்கள். அவர் அதையும் ஏற்கவில்லை. இந்தப் பிடிவாதம்தான் மகளுக்கும் வந்திருக்கிறது, வேறு எங்கிருந்து வரும்?

டுடுவின் கை இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கையில் பிண்டிலே உள்ளே வந்து, மாவட்ட உதவியாளர் எழுதிக் கொடுத்து மேசையில் கிடந்த ரசீதை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, நோட்டு எத்தனை குடுத்த?"

"அஞ்சு."

"இதுல நாலுன்னு போட்டிருக்கு."

டுடு நிமிர்ந்தாள். ஒரு நோட்டைக் கணக்கில் காட்டாமலே எடுத்துப் போயிருக்கிறார்கள். கோபப்பட நேரமில்லை. ஷாங்கே ஷட்டர் சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் முகம் அழுதுவிடும் போலிருந்தது.

"மணி நாலு, டுடு. அந்த அம்மா போன்ல இருக்காங்க. இறங்கிடுச்சான்னு கேக்கறாங்க."

வரிசையில் இன்னும் மூன்று பேர். மூன்றாவது ஆள் அப்பா. ஷாங்கே சங்கிலியை இழுத்தார். ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பாதி, முக்கால்.

டொக்கென்ற சத்தத்தோடு நின்றது.

ஷட்டருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு தடி. ஆலை இயந்திரங்களோடு முப்பத்தொரு வருஷம் மல்லுக்கட்டிய கை அதைப் பிடித்திருந்தது.

"இன்னும் என் முறை வரல," என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

ஷாங்கே சங்கிலியைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். போனைக் காதில் வைத்து, "மேடம், ஷட்டர் மாட்டிக்கிச்சு," என்று சொல்லிவிட்டு, சங்கிலியை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

முன்னால் இருந்த இருவரும் பையை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். தடி மட்டும் அசையவில்லை. இடைவெளிக்குள் குனிந்து அப்பா முகத்தைக் காட்டினார். டுடுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பைகளுக்கு நடுவிலிருந்து அவருடைய பையைச் சிபோனேலோ தேடி எடுத்துக்கொண்டு வந்து நின்றான். நாலாவது பை.

"இத டாக்டர் பாத்தப்புறம்தான் தருவேன்பா," என்றாள் டுடு.

"அது உன் இஷ்டம். நான் பைக்கு வரல." அவர் அடையாள அட்டையை முன்பின் தெரியாத ஆள் நீட்டுவதுபோல நீட்டினார். "பேரு எல்ஃபாஸ் சுங்கு. மூணு தடவை வரல. ஏன் வரலைன்னும் சொல்றேன். இந்தத் தடவையாவது சத்தமா எழுது."

பிண்டிலே அலமாரியிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். டுடு முதல் பக்கத்தைப் புரட்டித் தேதி போட்டாள். பேனாவை அழுத்தி, அப்பாவின் முழுப் பெயரையும் எழுதினாள்.